பழைய பெட்ஃபர்டு லாரியின் சேசிஸ்: பழுது பார்ப்பதா, மாற்றுவதா? ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

சிங்கப்பூரின் சுங்கை காடுட் தொழிற்பேட்டையில் உள்ள எங்கள் பட்டறைக்கு ஒரு பழைய பெட்ஃபர்டு லாரி வந்து இறங்கியது. 1958ல் அறிமுகமான ஜே வகை, ஐந்து டன் லாரி. சிராங்கூன் சாலைப் பக்கம் மசாலாச் சாமான் வியாபாரம் செய்த ஒரு குடும்பத்துடையது. ஆற்றங்கரைக் கிட்டங்கிகளிலிருந்து மிளகாய், வெங்காயம், கருவாடு எல்லாம் இதில்தான் கடைக்கு வந்தன. 1983ல் சரக்குப் படகுகளை ஆற்றிலிருந்து பாசிர் பாஞ்சாங்குக்கு மாற்றிய பிறகு இதற்கு வேலை குறைந்தது. அதன்பின் குடும்பத்தின் கிடங்கு வளாகத்துக்குள் மட்டும் ஓடி, கடைசியில் அதுவும் நின்று கொட்டகைக்குள் முடங்கிவிட்டது.

வண்டியைக் கொண்டுவந்தவர் எழுபது வயதைத் தாண்டியவர். லாரியை வாங்கியது அவருடைய அப்பா. கூட மகளும் வந்திருந்தார். சாலையில் ஓட்டும் எண்ணம் இருவருக்குமே இல்லை. கிடங்கு வளாகத்தில் நிறுத்த வேண்டும், பொங்கலன்று கரும்பு கட்டி வளாகத்துக்குள் ஒரு சுற்று ஓட்ட வேண்டும், அவ்வளவுதான் கேட்டார்கள். இந்த ஒரு தகவல்தான் பின்னால் எங்கள் முடிவை நிர்ணயித்தது. அன்று நான் அதைக் குறித்துக்கூட வைக்கவில்லை.

லாரி சேசிஸைப் பார்த்திராதவர்களுக்காகச் சொல்கிறேன். அது ஓர் ஏணி மாதிரி இருக்கும். இரண்டு பக்கமும் நீளமாக ஓடுவது லாங் மெம்பர். முனையிலிருந்து பார்த்தால் ஒரு பக்கம் திறந்த பெட்டி போல, மேலே ஒரு விளிம்பு, கீழே ஒரு விளிம்பு, நடுவில் சுவர். ஏணிப்படி போலக் குறுக்கே போவது கிராஸ் மெம்பர். எஞ்சின், கேபின், பெட்டி எல்லாம் இதன்மேல்தான் உட்காருகின்றன. ஸ்பிரிங்கும் அச்சும் இதற்குக் கீழே தொங்குகின்றன. வண்டியின் சேசிஸ் எண்ணும் இதில்தான் பொறிக்கப்பட்டிருக்கும். இந்த லாரியில் அது முன்பகுதியில் இருந்தது.

முதல் நாள் பார்த்தது

இடது லாங் மெம்பரில், பின் ஸ்பிரிங்கின் முன் ஹேங்கரை (ஸ்பிரிங்கைச் சேசிஸோடு மாட்டும் தாங்கி) ஒட்டி, கீழ் விளிம்பில் குறுக்காக ஒரு விரிசல் இருந்தது. அதே இடத்தில் பழைய ஒட்டுத் தகடு ஒன்றும் தெரிந்தது. எழுபதுகளில் ஒருமுறை சேசிஸ் வெடித்தபோது பெரியவரின் அப்பா போடச் சொன்னதாம். சதுரமாக வெட்டிய தகடு, நான்கு பக்கமும் சுற்றி வெல்டு. கீழ் விளிம்பின் மேலேயும் குறுக்காக வெல்டு ஓடியிருந்தது.

விரிசல் சரியாக அந்தக் குறுக்கு வெல்டின் ஓரத்திலிருந்துதான் கிளம்பியிருந்தது. இரண்டு அச்சுகளுக்கு நடுவில் பாரம் அழுத்தும்போது லாங் மெம்பரின் மேல் விளிம்பு அமுங்கும், கீழ் விளிம்பு இழுபடும். இழுபடும் விளிம்பில் குறுக்காக வெல்டு போட்டால் விரிசலுக்கு நாமே கோடு போட்டுக் கொடுத்த மாதிரி. தகடு முடியும் இடமும் சதுரமாக இருந்ததால், விறைப்பான பகுதியும் வளையும் பகுதியும் ஒரே கோட்டில் முட்டிக்கொண்டன. தகடு போட்டவர் நன்றாக இருக்கட்டும் என்றுதான் சுற்றி வெல்டு வைத்திருப்பார். இதே தவறை இன்றைக்கும் பல லாரிகளில் பார்க்கிறேன்.

அல்ட்ராசோனிக் தடிப்பு மானியை வைத்து அளந்தேன். வலது லாங் மெம்பரில் பெரும்பாலும் 4.6 முதல் 4.8 மி.மீ. வரை இருந்தது. இடது பக்கம் தகடு இருந்த இடத்தில் 6 மி.மீ. காட்டியது. அதைப் பார்த்து நிம்மதியாகி, பழைய தகட்டை எடுத்துவிட்டு, விரிசலை அரைத்து வெல்டு செய்து, முறையான புதுத் தகடு வைத்தால் போதும் என்று முடிவு செய்தேன். 3,500 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) எழுத்தில் விலையும் கொடுத்துவிட்டேன்.

பெட்டியை இறக்கியதும் விரிசல் காணாமல் போனது

மரப்பெட்டியை இறக்குவதற்கு முன், எங்கள் வெல்டர் ஹாக்சா பிளேடு ஒன்றை விரிசலுக்குள் செருகிப் பார்த்தார். புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்த இளைஞர், எங்களிடம் ஆறு வருடமாக வேலை செய்கிறார். பிளேடு தடையில்லாமல் உள்ளே போனது. மறுநாள் ஃபோர்க்லிஃப்ட் வைத்துப் பெட்டியை இறக்கினோம். அவர் என்னைக் கூப்பிட்டார்.

“அண்ணே, நேத்து போன பிளேடு இன்னைக்கு நுழையமாட்டேங்குது.”

போய்ப் பார்த்தேன். முந்தின நாள் வாய் திறந்திருந்த விரிசல் பெயிண்டில் விழுந்த கீறல் போல மூடிக் கிடந்தது. பாரம் இறங்கியதும் கீழ் விளிம்பின் இழுப்பு தளர்ந்துவிட்டது. பெட்டியைக் கழற்றிய பிறகுதான் இந்த வண்டியை முதன்முதலாகப் பார்த்திருந்தால், அதைத் துருக்கோடு என்று நினைத்துக் கடந்துபோயிருப்பேன்.

அதன்பிறகு அளவெடுக்கும் விதத்தை மாற்றினோம். ஸ்பிரிங் ஹேங்கர் பின்களிலிருந்து தூக்குக்குண்டு விட்டு, சிமென்ட் தரையில் சாக்கட்டியால் புள்ளி வைத்து, மூலைக்கு மூலை குறுக்காக அளந்தோம். இரண்டு அளவுக்கும் 11 மி.மீ. வித்தியாசம் வந்தது. 3 மி.மீ.க்கு மேல் போனால் சேசிஸ் கோணிவிட்டது என்று எடுத்துக்கொள்வது எங்கள் பட்டறை வழக்கம். மேல் விளிம்பை ஒட்டி நூல் பிடித்துப் பார்த்ததில், இடது பக்கம் விரிசல் இருந்த இடத்தில் 9 மி.மீ. தொய்வு.

பழைய தகட்டுக்கு அடியில்

எஞ்சின், கேபின், பெட்ரோல் டேங்க், பிரேக் குழாய் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, வெறும் சேசிஸைக் கிரிட் பிளாஸ்டிங்குக்கு, அதாவது துகள்களைக் காற்றழுத்தத்தில் அடித்துத் துருவையும் பெயிண்டையும் உரிக்க, அனுப்பினோம். திரும்பி வந்ததும் ஒட்டுத் தகட்டின் வெல்டை அரைத்து எடுத்தோம். கடைசி மூலை விடுபட்டபோது தகடு தானாகவே வெளியே தெறித்தது. அடியிலிருந்து கரும்பழுப்பாகத் துரு ஏடு ஏடாக உதிர்ந்தது, அப்பளக்கட்டு நொறுங்கிக் கொட்டுவது போல. வெல்டர் அதை ஒரு பெயிண்ட் டின்னில் அள்ளினார். முக்கால் டின் வந்தது.

இரும்பு துருவாகும்போது முன்பிருந்ததைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும். இரண்டு தகடுகளுக்கு நடுவே ஈரம் புகுந்துவிட்டால், அங்கே உருவாகும் துரு இரண்டையும் நெம்பிப் பிரிக்கும். எழுபதுகளில் போட்ட தகட்டுக்கு உள்பக்கம் பெயிண்டே இல்லை. ஆண்டுக்கு 2,000 மி.மீ.க்கு மேல் மழை பெய்யும் ஊர் இது. மழை இல்லாத நாளிலும் காற்றில் ஈரம். கருவாட்டுக் கூடைகளிலிருந்து வடிந்த உப்புநீரும் சேர்ந்திருக்கும் என்பது என் ஊகம். சாலையோரச் சாக்கடைப் பக்கம் இடதுபக்கம்தான் என்பதால் தெறித்த சேறும் அங்கேதான் அதிகம் சேர்ந்திருக்கும்.

தகட்டுக்குப் பின்னால் இருந்த அசல் லாங் மெம்பர் சில இடங்களில் 2 மி.மீ.கூட இல்லை. சுவரில் இரண்டு இடத்தில் விரல் நுழையும் ஓட்டை. அப்படியானால் முதல் நாள் மானி காட்டிய 6 மி.மீ. எங்கிருந்து வந்தது? அது மேலே இருந்த ஒட்டுத் தகட்டின் தடிப்பு. ஒலி அலை முதல் தகட்டின் பின்பக்கத்தைத் தொட்டுத் திரும்பிவிடும், இடைவெளியைத் தாண்டி அடுத்த தகட்டுக்குப் போகாது. இது எனக்குத் தெரிந்த விஷயம்தான். தெரிந்திருந்தும் அன்று எண்ணைப் பார்த்தேனே தவிர, அது எதன் எண் என்று யோசிக்கவில்லை.

விரிசலின் நீளமும் கண்ணுக்குத் தெரிந்தது வேறு, உண்மை வேறு. விரிசலுக்குள் இறங்கும் சிவப்பு டை (சாயம்) பூசித் துடைத்து, அதை வெளியே இழுத்துக் காட்டும் வெள்ளை டெவலப்பர் அடித்ததும், கண்ணில் பட்ட முனையைத் தாண்டி இன்னும் 22 மி.மீ. சுவரில் ஏறியிருந்தது தெரிந்தது.

ஜோகூரில் கிடைத்த சேசிஸ்

பெரியவரையும் மகளையும் வரச்சொல்லி, உதிர்ந்த துருவையும் ஓட்டைகளையும் நேரில் காட்டினேன். 3,500 வெள்ளிக்கு முடியாது என்றும் சொன்னேன். பெரியவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, “ஜோகூர்ல பழைய லாரி உடைக்கிற இடத்துல வேற சேசிஸ் கிடைக்கும்ல தம்பி? அதைத் தூக்கி வச்சிடலாமே?” என்றார்.

“சேசிஸையே மாத்திட்டா அப்புறம் இது தாத்தாவோட லாரியாப்பா?” என்றார் மகள்.

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் அதில் ஒரு பகுதி என் வேலையைச் சேர்ந்தது. சேசிஸ் எண்தான் வண்டியின் அடையாளம். வேறு சேசிஸ் வைத்தால் வேறு எண் வரும். பழைய எண்ணை வெட்டிப் புதிதில் ஒட்டுவதோ அடித்துப் பதிப்பதோ நான் செய்யாத வேலை. சாலைக்கு வராத வண்டியாக இருந்தாலும் செய்யமாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

இருந்தாலும் மலேசியாவின் ஜோகூருக்குப் போய்ப் பார்த்தோம். அதே வகை பெட்ஃபர்டு சேசிஸ் ஒன்று கிடைத்தது, 2,200 ரிங்கிட் சொன்னார்கள். தூரத்திலிருந்து நேராகத்தான் இருந்தது. கம்பிப் பிரஷ் போட்டுத் தேய்த்துப் பார்த்தபோது மூன்று விஷயங்கள் தெரிந்தன. யாரோ நடுவில் வெட்டி நீளத்தைக் குறைத்திருந்தார்கள். அந்த இணைப்பு விளிம்பில் செங்குத்தாக ஒரே கோட்டில் விழுந்திருந்தது. எங்கள் சேசிஸ் வெடித்த அதே ஹேங்கர் பக்கத்தில், போல்ட் ஓட்டையிலிருந்து ஒரு மெல்லிய விரிசலும் கிளம்பியிருந்தது. அதே வடிவம், அதே வேலை, கிட்டத்தட்ட அதே வயது. அதனால் நோயும் அதே இடத்தில். வாங்காமல் திரும்பினோம்.

எடுத்த முடிவும் காரணமும்

நான்கு வழிகள் இருந்தன: பழைய இடத்திலேயே ஒட்டுவது, வேறு பழைய சேசிஸ் வைப்பது, முழுச் சேசிஸையும் புதிதாகச் செய்வது, கெட்ட பகுதியை மட்டும் வெட்டி மாற்றுவது. முதலாவது அன்றே போய்விட்டது. வெல்டு பிடிக்க அடியில் நல்ல இரும்பே இல்லை. இரண்டாவது ஜோகூரில் போயிற்று.

மூன்றாவதை நிறைய யோசித்தேன். இந்த லாரி மறுபடி ஐந்து டன் ஏற்றி ஓடப்போகிறது என்றால் தயங்காமல் அதைத்தான் சொல்லியிருப்பேன். துருப்பிடித்த பழைய சேசிஸில் ஒரு பகுதியை மாற்றிவிட்டு, மீதி தாங்கும் என்று முழுப் பாரத்துக்குக் கையெழுத்துப் போட என்னால் முடியாது. ஆனால் இது நிற்கப்போகும் வண்டி. ஏறுவது கரும்பும் நான்கு பேரும், ஓடுவது நடை வேகத்தில். வலது லாங் மெம்பர் நன்றாக இருக்கிறது. கிராஸ் மெம்பர்களில் ஒன்று தவிர மற்றவை நேராக இருக்கின்றன. எண் பொறித்த முன்பகுதியில் துருவே இல்லை.

எனவே நான்காவது வழி. இடது லாங் மெம்பரில், முன் ஹேங்கருக்கு 500 மி.மீ. முன்னாலிருந்து பின்முனை வரை கிட்டத்தட்ட 3 மீட்டரை வெட்டி எடுத்து, புதிதாக வளைத்த பாகத்தை வைப்பது. இணைப்பை ஹேங்கரிலிருந்தும் கிராஸ் மெம்பரிலிருந்தும் தள்ளி வைத்ததற்குக் காரணம், அந்த இடங்களில்தான் பாரம் சேசிஸுக்குள் இறங்குகிறது.

தடிப்பு பற்றி ஒரு பேச்சு வந்தது. “அஞ்சு மில்லிக்கு எட்டு மில்லி போட்டா இன்னும் பலமா இருக்காதா?” என்று பெரியவர் கேட்டார். பலரும் கேட்பதுதான். எட்டு மி.மீ. பகுதி வளையாது, அதை ஒட்டிய பழைய ஐந்து மி.மீ. பகுதி வளையும். அசைவெல்லாம் சேரும் இடத்திலேயே அடுத்த விரிசல் வரும். எழுபதுகளில் போட்ட தகடு அதைத்தான் செய்தது. அசல் தடிப்பு 4.8 மி.மீ. அளவு, கடையில் கிடைக்கும் 5 மி.மீ. சாதாரண இரும்புத் தகடு அதற்குப் போதுமான நெருக்கம். வளைக்கும் கடையில் மூலையைக் கூர்மையாக மடிக்காமல், பழைய பாகத்தில் இருந்த அதே வளைவு ஆரத்தில் மடிக்கச் சொன்னோம்.

பாரக் கட்டுப்பாட்டையும் எழுத்தில் கேட்டு வாங்கினோம்: ஆட்களையும் சேர்த்து 500 கிலோவுக்கு மேல் ஏற்றுவதில்லை. கேபினுக்குள் ஓட்டுநர் கண்ணில் படும் இடத்தில் அதைப் பெயிண்டில் எழுதினோம். மகள்தான் எழுதினார்.

புது விலை 11,400 வெள்ளி. முதலில் எழுத்தில் விலை கொடுத்தது என் தவறு என்பதால் அதில் 1,500ஐ நான் ஏற்றுக்கொண்டேன்.

வேலை நடந்த விதம்

முதலில் சேசிஸைத் தரையில் போட்ட கனமான உத்தரங்களோடு இறுக்கி, ஜாக்கி வைத்துக் கோணலை எடுத்தோம். ஒரே நாளில் எடுக்கவில்லை. கொஞ்சம் தள்ளுவது, விடுவது, அளப்பது என்று மூன்று நாள் போயிற்று. மூலைவிட்ட வித்தியாசம் 2 மி.மீ.க்கு வந்த பிறகுதான் வெட்டினோம். வெட்டிய பிறகு நிமிர்த்தலாம் என்று விட்டிருந்தால், எதை வைத்து அளப்பது என்றே தெரியாமல் போயிருக்கும்.

இணைப்பைச் சாய்வாக வெட்டினோம். அப்போது மேல் விளிம்பின் வெல்டும் கீழ் விளிம்பின் வெல்டும் ஒரே குறுக்குக் கோட்டில் வராது. இரண்டு ஓரத்தையும் வி வடிவில் அரைத்து, முழு ஆழத்துக்கும் வெல்டு இறங்கும்படி செய்தோம். ஒரு பக்கம் முடித்து, பின்பக்கம் நல்ல உலோகம் தெரியும்வரை அரைத்து, அங்கேயும் வெல்டு வைத்தோம். விளிம்புகளில் வெல்டின் மேட்டைத் தகட்டு மட்டத்துக்குத் தேய்த்து எடுத்தோம். தேய்த்த கோடுகள் சேசிஸின் நீளவாக்கில் ஓடின, குறுக்கே இல்லை.

வெல்டிங் ராடு விஷயத்தில் ஒரு சம்பவம். அன்று காலை 7018 ராடு பாக்கெட் ஒன்று மேசைமேல் பிரிந்து கிடந்தது, முந்தின மாலையிலிருந்து. வெல்டர் அதை எடுக்கப் போனார், நிறுத்தினேன். 7018ன் மேல்பூச்சு ஈரத்தைக் குடிக்கும். ஈரமான ராடில் வெல்டுக்குள் ஹைட்ரஜன் புகுந்து, ஊசித்துளைகளும் பிறகு விரிசலும் வரலாம். நம் ஊர்க் காற்றில் ஒரு இரவு என்பது மிக அதிகம். அந்தப் பாக்கெட்டைக் கேட் கிரில் வேலைக்கு ஒதுக்கிவிட்டு, ராடு அடுப்பில் சூடாக வைத்திருந்ததை எடுத்துக்கொண்டோம்.

இணைப்புக்கு உள்பக்கம் ஒரு வலுவூட்டும் தகடு வைத்தோம். முனைகள் இரண்டும் சாய்வாக வெட்டியவை. வெல்டு செய்யாமல், சுவரில் மட்டும் 8.8 தர போல்டுகளால் இறுக்கினோம். விளிம்புகளில் ஒரு துளைகூடப் போடவில்லை. பழைய ரிவெட்டுகளைச் சூடாக அடிக்கத் தெரிந்த கை இப்போது எங்களிடம் இல்லாததால், கழற்றிய எல்லா ரிவெட்டுக்கும் பதிலாக, ரீமர் (துளையைச் சீராக்கும் கருவி) போட்டுத் துளையை அளவுக்குக் கொண்டுவந்து, இறுக்கமாக உட்காரும் போல்ட் வைத்தோம். தளர்வான துளையில் போட்ட போல்ட் நாளடைவில் துளையையே முட்டை வடிவமாக்கிவிடும்.

இரண்டு தகடுகள் முகத்தோடு முகம் ஒட்டும் இடங்களில், சேர்ப்பதற்கு முன்பே துத்தநாகப் பிரைமர் பூசிக் காயவிட்டோம். சேர்த்தபின் மேல் ஓரத்தை சீலன்ட்டால் மூடி, கீழ் ஓரத்தைத் தண்ணீர் வடிவதற்காகத் திறந்தே விட்டோம்.

பின்னர் நடந்தது

முதல் பொங்கலுக்கு வண்டி தயாராகிவிட்டது. 14 மாதம் கழித்து நாங்களே போய்ப் பார்த்தோம். பெட்டி மேலேயே இருக்க, அனுமதித்த பாரத்தை ஏற்றி வைத்துத்தான் பார்த்தோம். இணைப்பில் டை சோதனை செய்தோம், ஒன்றும் வரவில்லை. மூலைவிட்ட அளவு மாறவில்லை. போல்டுகளில் போட்ட வெள்ளைக் குறிகள் நகரவில்லை.

வலது பக்கம் ஒரு குறை தெரிந்தது. ஸ்டெப்னி டயர் தாங்கிக்குக் கீழே, புதுப் பெயிண்டின் மேல் பழுப்பாக ஒரு கோடு வடிந்திருந்தது. அந்தத் தாங்கியை நாங்கள் கழற்றவே இல்லை. நேராக இருக்கிறது, வலது பக்கம் நன்றாகத்தானே இருக்கிறது என்று விட்டுவிட்டோம். கழற்றிப் பார்த்தபோது அடியில் 3.1 மி.மீ. மட்டும் மீதி இருந்தது, விரிசல் இல்லை. தாங்கியைத் திரும்ப வைக்காமல், சுத்தம் செய்து பூச்சடித்து, ஸ்டெப்னியைப் பெட்டிக்குள் வைக்கச் சொன்னோம்.

மறுபடி செய்வதானால்

பிளாஸ்டிங் முடியும்வரை விலை கொடுக்கமாட்டேன். இப்போது எங்கள் பட்டறையில் கழற்றுதல், பிளாஸ்டிங், அளத்தல் மூன்றுக்கும் ஒரு தனி விலை. பழுது பார்ப்பதா மாற்றுவதா என்பது அதற்குப் பிறகு, வாடிக்கையாளரைக் கூப்பிட்டு வெறும் இரும்பைக் காட்டிவிட்டுத்தான். சிலர் முதல் கட்டத்தோடு நிறுத்திக்கொண்டு வண்டியை எடுத்துப் போகிறார்கள். போகட்டும்.

இரட்டைத் தகடு எங்கே இருந்தாலும், ஒட்டோ தாங்கியோ பிராக்கெட்டோ, கழற்றாமல் அளக்கமாட்டேன். அந்த வலது பக்கத் தாங்கியை அன்றே கழற்றியிருந்தால் கூடுதலாகச் செலவாகியிருப்பது நான்கு போல்டும் அரை மணி நேரமும்தான்.

முதல் சந்திப்பிலேயே, இந்த வண்டி இனி என்ன செய்யப்போகிறது என்று கேட்டு எழுதிக்கொள்கிறேன். பாரம் ஏற்றுவார்களா, எவ்வளவு, எங்கே ஓட்டுவார்கள். இந்தக் குடும்பம் ஒருவேளை மனம் மாறி, வளாகத்துக்குள் சரக்கு ஏற்ற இதைப் பயன்படுத்த நினைத்தால், நாங்கள் செய்த வேலை அதற்குப் போதாது. வேலை அறிக்கையின் முதல் பக்கத்தில் அதை எழுதிக் கொடுத்திருக்கிறோம். வெட்டி எடுத்த பழைய மூன்று மீட்டர் துண்டைப் பெரியவர் கேட்டு வாங்கிக்கொண்டார். கிடங்கில் லாரிக்குப் பின்னால் சுவரோரம் சாய்த்து வைத்திருக்கிறார்கள், அந்த ஓட்டைகள் வெளிப்பக்கம் தெரியும்படி.